அப்பாவுக்குக் கிடைத்த வாள்

வாள் உறையை விட்டு வருவேனா என்றது.

ஹாலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா கிருஷ்ணமூர்த்தி கிடந்தார். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. ஹரிஹரன் சமையலறையில் உட்கார்ந்து, வாளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி இழுத்துக்கொண்டிருந்தான்.

"மாமாவே அதை டிரங்குப் பெட்டியை விட்டு வெளிய எடுத்ததில்ல. விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி நீலாவதி.

"லாட்ஜ்ல குடுத்த மரியாதைடான்னு அப்பாவே சொல்லியிருக்கார். நெஞ்சுமேல வெச்சுதான் அனுப்பணும்."

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவில் ஹேடோ பக்கம் தொடங்கிய சகோதர சங்கத்தைத்தான் எல்லாரும் லாட்ஜ் என்பார்கள். அப்பா அதில் உறுப்பினர். பிறகு என்னவோ, போவதை நிறுத்திவிட்டார். முப்பத்தைந்து வருடம் துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாகவே இருந்த மனிதரை வேறு யாரும் கொண்டாடியதில்லை. இந்த ஒரு வாள்தான்.

தேங்காயெண்ணெய் விட்டான். கைப்பிடியும் சேர்ந்து வழுக்கியது. பக்கத்து வீட்டு ரவிக்குமார் உறையைப் பிடிக்க, இவன் பலங்கொண்ட மட்டும் இழுக்க, கைப்பிடியின் பித்தளை வளைவு உடைந்து பறந்து, ஹாலில் அழுதுகொண்டிருந்த சித்தியின் மடியில் போய் விழுந்தது. சித்தி ஒரு நொடி நிறுத்தி, அதைப் பார்த்து, முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தாள்.

"ஜங்லிகாட் பட்டறைல வெல்டிங் வெச்சுடலாம்," என்றான் ரவிக்குமார்.

பட்டறைக்காரர் வளைவைப் பற்றவைத்தார். "வாளையும் எடுத்துத் தரேன்," என்று உறையை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினார். உறை லேசாக நசுங்கியது. வாள் வரவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் ரவிக்குமார் வாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கான்ஸ்டபிள் கை காட்டினார்.

"யே க்யா ஹை?"

"தல்வார் சார். லாட்ஜ் கா," என்றான் ஹரிஹரன்.

"லாட்ஜ்? கௌன்சா ஹோட்டல்?"

மணி ஒன்றரை. இது தங்கும் லாட்ஜ் இல்லை என்று ஹரிஹரன் விளக்க விளக்க கான்ஸ்டபிளின் முகம் இறுகிக்கொண்டே போனது. வேறு வழியில்லாமல் லாட்ஜுக்குப் போன் போட்டான்.

"நான் புது செக்ரட்டரி. எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றது குரல். "பழைய வாசல் காவலர் ஒருத்தர் அந்தப் பக்கம்தான் இருக்காராம். அனுப்பறேன். பாத்தா சொல்லிடுவார்."

ஆட்டோவில் வந்து இறங்கினார் ராக்கப்பன். எழுபதைத் தாண்டியவர். வாளைக் கையில் வாங்கினார். தடவித் தடவிப் பார்த்தார். பிறகு கைப்பிடிக்கு அடியில் இருந்த சின்னக் குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினார். வாள் சரேலென்று வெளியே வந்தது.

"லாட்ஜு வாளுதான்."

"டீக் ஹை. ஜாவ்," என்று வழிவிட்டார் கான்ஸ்டபிள்.

ஹரிஹரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, வீட்டுக்கு வாங்க. உங்க கையாலயே அப்பா நெஞ்சுமேல வெச்சுடுங்க."

"யாரு ஒங்கப்பா?"

"கிருஷ்ணமூர்த்தி. போர்ட் ஆபீஸ்ல இருந்தார்."

கிழவர் வாளோடு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். ரவிக்குமார் நடந்து வந்தான்.

வீட்டில் கூட்டம் விலகி வழிவிட்டது. பெட்டியின் கண்ணாடியைத் திறந்தார்கள். சித்திகூட அழுகையை நிறுத்தினாள். ராக்கப்பன் வாளும் கையுமாக நின்று அப்பாவின் முகத்தையே பார்த்தார். எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டான் ஹரிஹரன்.

"அப்பாவை நல்லாத் தெரியுமாய்யா?"

"நல்லாத் தெரியும் தம்பி. இந்த வாள நான் களவெடுத்ததக் கண்ணால கண்டேன்னு சாட்சி சொல்லி, என்னைய வேலைய விட்டு வெரட்டுனவரு."