இடது மரை நட்டும் நின்றுபோன கல்யாணமும்

மதிப்புக்குரிய சம்பந்தி பல் டாக்டர் அவர்களுக்கு, குழாய்க்கடைக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள், அடுத்த வரியைப் படிக்கும்வரைக்குமாவது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகாலுக்கு உங்கள் மகனும் என் மகளும் கல்யாணம் வேண்டாமென்று முடிவுசெய்துவிட்டார்கள். காரணம் ஒரு நட்டு. என் கடை நட்டு அல்ல. அது விண்வெளியில் இருக்கிறது.

அந்த விண்கப்பல் தொடரின் ரசிகர்கள் கூடி வாதாடும் இணையப் பக்கத்தில்தான் இருவருக்கும் பழக்கமே ஏற்பட்டது. உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்றே "டிவிங்கிறது மூளைக்கு வர்ற சொத்தை, சம்பந்தி" என்று சொன்னவர் நீங்கள். சரி, ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து மூன்றாம் வருடக் கதையைப் போட்டார்கள், நான் பக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தேன், கப்பலின் மெக்கானிக் எரிபொருள் குழாயின் நட்டை முறுக்கும் இடத்தில் மாப்பிள்ளை படத்தை நிறுத்தினார்.

"பாத்தியா? முதல் வருஷம் இடப்பக்கமா முறுக்கி இறுக்கினார். இப்ப வலப்பக்கமா இறுக்குறார்."

"நடிகர் மறந்துட்டார். அவ்வளவுதான்."

"மறக்கலை. இது வேற கப்பல். நடுவுல மாத்திட்டாங்க. கேப்டனும் வேற ஆளு. நாலு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

"நாலு வருஷமாத் தப்பாச் சொல்லிட்டிருக்கீங்க."

அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "நடிகரைக்கூட நம்பாதவ புருஷனை எப்படி நம்புவே?" என்று அவர் கேட்க, "கேப்டனையே சந்தேகப்படுறவர் பொண்டாட்டியை விட்டுவைப்பாரா?" என்று இவள் கேட்க, மோதிரம் கழன்று டீப்பாய்மேல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி கரண்டியோடு வந்து, "தண்ணியில போற கப்பலையே ரெண்டு பேரும் பாத்ததில்ல, ஆகாசத்துல போறதுக்குச் சண்டை" என்றாள். மாப்பிள்ளை இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்தார். ஆனால் சாவி போடவில்லை. நான் வியாபாரி, சம்பந்தி. வேண்டாமென்று படியிறங்கியவன் திரும்பிப் பார்க்கிறானா இல்லையா என்பதை வைத்துத்தான் கடையை வளர்த்தேன். இது திரும்பி வருகிற வாடிக்கைதான் என்று தெரிந்துவிட்டது.

"அந்த நட்டைக் காட்டும்மா" என்றேன். காட்டினாள். இரண்டு காட்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தேன் பாருங்கள், புரையேறிவிட்டது. தலையில் குழாய்க் கட்டு சுமந்து தொழிலுக்கு வந்தவன் நான், முப்பது வருஷமாக நட்டு விற்கிறேன். எரியக்கூடிய வாயு போகும் குழாய்க்கு மட்டும் நட்டின் மரையை, அதாவது உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளத்தை, தலைகீழாக வெட்டியிருப்பார்கள். இடது மரை என்போம். இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். வேறு குழாயைத் தவறிப்போய் அதில் மாட்டி யாரும் செத்துவிடக்கூடாது என்பதற்காக. ஆகவே முதல் வருஷம் அந்தக் கப்பல் எரிவாயுவில் ஓடியிருக்கிறது, மூன்றாம் வருஷம் வேறெதிலோ ஓடுகிறது, கப்பல் அதே கப்பல், மெக்கானிக் செய்தது இரண்டு முறையும் சரி.

மகள் என்னைப் பார்த்தாள். "ரெண்டாம் வருஷக் கடைசியில எஞ்சினையே மாத்துவாங்கப்பா" என்றாள், குரல் மாறிப்போய். நான் பால்கனியிலிருந்து, "மாப்ள, அது இடது மரை, மேல வாங்க" என்று கத்தினேன். தெருவில் போன பால்காரர்கூட நின்றுவிட்டார்.

அந்த அரைமணி நேரம்போல ஒரு சந்தோஷத்தை என் வீடு பார்த்ததில்லை. மோதிரம் விரலுக்குப் போனது, காப்பி வந்தது, மாப்பிள்ளை என் விளக்கத்தை 'நட்டு மாமா' என்ற பெயரில் அந்தப் பக்கத்தில் போட, முன்னூறு பேர் வாழ்த்தினார்கள். நான் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்போதுதான் 'ஆறாவது நிலா' என்று ஒருவன் வந்தான். அந்தப் பக்கத்தில் அவன்தான் பெரிய தலையாம், கேப்டன் வேறு ஆள் என்று முதலில் கண்டுபிடித்தவனும் அவன்தானாம். "கடைக்காரர் அறிவு கடை வாசலோடு சரி. ஆதாரம் உண்டா, அனுமானமா?" என்று எழுதி, தன் திரையில் தெரிந்த நட்டைப் படம்பிடித்தும் போட்டிருந்தான். மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. "அவர் ஒத்துக்கிட்டாத்தான் மாமா எனக்கு நிச்சயம்" என்றார். "அப்ப அவரையே கட்டிக்கோங்க" என்றாள் என் மகள். மோதிரம் மறுபடி டீப்பாய். மாப்பிள்ளை இந்த முறை சாவி போட்டுவிட்டார், அதுவும் என் செருப்பை மாட்டிக்கொண்டு.

உடனே உங்களுக்கு ஃபோன் செய்தேன். "ஒருத்தர் வாயைத் திறந்தபடி இருக்கார், சம்பந்தி, அப்புறம் பேசறேன். என் பையன் எங்க என் பேச்சைக் கேக்கறான்" என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுத்தில் வேண்டுகிறேன். இந்தப் பைத்தியத்தில் சேராத ஒரே மனிதர் நீங்கள். முன்பல் இல்லாத அந்த பிளாஸ்டர் தாடை சாட்சியாக உங்கள் கிளினிக் மேஜையில்தான் நாம் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தோம். அதே அறையில் மகனை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: முகம் தெரியாத ஒருவன் சொன்னதற்காக முகம் தெரிந்தவளை விடாதே என்று. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. எல்லாப் பற்களும் உறுதியாக நிற்கட்டும்.

தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உங்களைப் புகழ்ந்த வரிகளை எல்லாம் திரும்பப் பெறுகிறேன். உறையை ஒட்டுமுன் ஆறாவது நிலா போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் நட்டு. திரைக்குப் பக்கத்தில் மேஜை ஓரமாக முன்பல் இல்லாத பிளாஸ்டர் தாடை. அதன் பின்னால் நான் உங்களுக்குக் கொடுத்த என் கடைக் காலண்டர். நுணலும் தன் வாயால் கெடும், நீங்கள் வேறொருவர் வாயால் கெட்டீர்கள். போகட்டும், ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளினிக் விடுமுறை என்று வாசல் பலகையிலேயே இருக்கிறதே, வாயைத் திறந்தபடி இருந்தது யார்?

மறுபடி ஃபோன் செய்து இதைச் சொன்னேன். "கேப்டன் தலைவகிடு பக்கம் மாறினதுக்கு என்ன சொல்றீங்க?" என்றீர்கள். வகிடு என் கடையில் விற்கிற சரக்கல்ல, ஒத்துக்கொள்கிறேன். மகன் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று குறைப்பட்டீர்களே, நாலு வருஷமாக அவர் உங்கள் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்கவில்லை, சம்பந்தி.

பேச்சு காற்றோடு போகும் என்பதால் முடிவானதை இங்கே எழுதிவைக்கிறேன். நட்டு விஷயத்தில் நட்டு மாமா சொன்னதே சரி என்று ஆறாவது நிலா வெள்ளிக்கிழமைக்குள் எழுதுவது. வகிடு உங்களுடையது, நான் தலையிடுவதில்லை. சம்பந்தியம்மாவிடம் நான் வாய் திறப்பதில்லை, மகனிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் இஷ்டம். கல்யாணம் அதே தேதி. என் செருப்பு ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.