நிச்சயதார்த்தத்தன்று நடுரோட்டில் என்னைக் குளிப்பாட்டிய விவகாரம்

விருதுநகர்,
ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டு,
ஜன்னலோரக் கட்டில்.

மல்லாங்கிணறு திரு. முனியசாமி அண்ணாச்சி அவர்களுக்கு, எம். புதுப்பட்டி இருளாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் சுகமாயிருக்க எங்கள் குலசாமி துணை நிற்கட்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போன் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். என் போன், முந்தாநாள் உங்கள் மகன் ஹரிபிரசாத் கட்டி வைத்த பிளாஸ்டிக் பைக்குள், என் பட்டு வேட்டியோடு போய்விட்டது.

அண்ணாச்சி, நீங்கள் வேனில் வந்து இறங்குவதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. என் மகள் யோகலட்சுமிக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்க வேண்டும் என்று நானும் என் சம்சாரம் சோலையம்மாளும் தெருச் சனத்தோடு மெயின்ரோட்டு முக்குக்கு வந்து நிற்கிறோம், அந்நேரம் பார்த்து ஒரு லாரி வளைவில் சாய்ந்துவிட்டது. டிரைவர் தானே ஏறி வெளியே வந்து டீக்கடைப் பக்கம் ஓடிவிட்டார். டிரம் எல்லாம் உருண்டு, ஒன்று உடைந்து, உள்ளே இருந்தது தண்ணியாட்டம் ரோட்டில் ஓடுகிறது. சனம் பூராவும் சிதறி ஓடியது. நான் ஓடுவேனா? பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருசம் மருந்துக் கலவைக்கு போர்மேன். எந்தக் கெமிக்கலையும் மோந்து பார்த்தே சொல்கிற மூக்கு இது. புதுச் செருப்போடு உள்ளே நடந்துபோய், விரலால் தொட்டு, மோந்து பார்த்து, "ஏலே, பயப்படாதீக! இது பினாயில்தாம்லே! ஆஸ்பத்திரியில தரை துடைப்பாகல்ல, அதேதான்!" என்று சத்தம் கொடுத்தேன். அவ்வளவுதான், ஓடின சனம் ஓசிப் பினாயிலைப் பிடிக்கக் குடமும் வாளியுமாகத் திரும்பி வந்தது. பதினேழு பெண்கள், அண்ணாச்சி. உங்களுக்கு எடுக்க வைத்திருந்த ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சோலையம்மாளும் ஒரு குடத்தைத் தூக்கிவிட்டாள்.

அப்போதுதான் உங்கள் வேன் வந்தது. தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கிற பையன், பாய்ந்து வந்து நாலு டிரம்மை நிமிர்த்துவான், ஊரே வாயைப் பிளக்கும் என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறேன். உங்கள் மகனோ நூறு மீட்டருக்கு அங்கிட்டே நின்றுவிட்டான்! இவனுக்கா பெண் கொடுக்கப் போகிறோம் என்று ஆகிவிட்டது எனக்கு. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பறக்க விட்டுப் பார்க்கிறான். போன் கேமராவை இழுத்து வைத்து, லாரி முதுகில் ஆரஞ்சுப் பலகையில் இருந்த கெமிக்கல் நம்பரைப் படித்து யாரிடமோ சொல்கிறான். வேனை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு பஸ்ஸை மறிக்கிறான். பிறகு ஒரு கத்துக் கத்தினான் பாருங்கள்: "குடத்தைக் கீழ போடுங்க! யாரும் இன்னும் ஒரு எட்டு எடுத்து வைக்காதீக! காத்து முதுகுல அடிக்கிற பக்கமா இங்கன வாங்க!" அந்தப் பதினேழு பேருக்கும் பத்தடிதான் பாக்கி. அப்படியே திரும்பிவிட்டார்கள். நான் உள்ளே நின்றபடி, "மாப்பிள்ளை, பினாயில்தான்! நான் மோந்து பார்த்துட்டேன்!" என்றேன்.

"மோந்தா பார்த்தீக?"

"தொட்டும் பார்த்தேன்!"

பையன் முகம் செத்துப்போச்சு, அண்ணாச்சி. பட்டுத் துண்டை ரோட்டில் குறுக்கே விரித்தான். "மாமா, மெதுவா இந்தத் துண்டு வரைக்கும் வாங்க, தாண்டி வராதீக, யாரையும் தொடாதீக. சட்டை, வேட்டி, செருப்பு, எல்லாத்தையும் கழட்டுங்க!" என்றான். எங்கே? நடுரோட்டில்! யார் முன்னால்? உங்கள் சம்சாரம், உங்கள் தங்கச்சிமார், பஸ்ஸில் இருந்த அம்புட்டுச் சனம்! பட்டாபட்டி டிரவுசரோடு நிற்கிறேன். குடிதண்ணி டிராக்டரைப் பிடித்து நிறுத்தி, தள்ளி நின்றே குழாயை என் மேல் திருப்பினான். "ஏலே, மருந்துல தண்ணி விடலாமாலே? தண்ணி பட்டாத் தீப்பிடிக்கும்னு எங்க ஊர்ல பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!" என்று அலறினேன். "இது உங்க பட்டாசு மருந்து இல்ல மாமா, நம்பரைச் சொல்லிக் கேட்டுட்டேன், இதுக்குத் தண்ணிதான்" என்கிறான். இருபது நிமிசம்! பல் தந்தியடிக்கிறது. சோலையம்மாள், "ஐயா, நல்ல நேரம் போகுதே" என்று அழுகிறாள். "நேரம் போகட்டும் அத்தை, மாமா இருக்கட்டும்" என்கிறான். இதெல்லாம் கூடப் பொறுப்பேன், அந்தத் தண்ணி டேங்கர் வால்வைத் திறந்துவிட்டது யார் தெரியுமா? நான் பெற்ற மகள்! நிச்சயப் புடவையோடு நின்று, "அப்பாவுக்குக் கால்ல இன்னும் அடிங்க" என்று அவனுக்கு யோசனை வேறு சொல்கிறாள்.

இப்போது ஊரில் பாதிப் பேருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என் பட்டாபட்டிதான் ஓடுகிறதாம். முப்பத்தொரு வருசம் சேர்த்த மரியாதை இருபது நிமிசத்தில் தண்ணியோடு போச்சு. கட்டப்போகிறவளின் அப்பனை நடுத்தெருவில் உரித்து நிறுத்துகிறவன், நாளைக்கு என் மகளை என்ன பாடு படுத்துவான்? ஆகையால் அண்ணாச்சி, இந்தச் சம்பந்தம் வேண்டாம். ஜாதகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடவும். யோகலட்சுமி இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. அது அவள் பாடு.

தங்கள் சம்சாரத்துக்கும் தங்கச்சிமாருக்கும் என் வணக்கம். அவர்கள் அன்றைக்குக் கண்டதை மறந்துவிட வேண்டுகிறேன். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், ஹரிபிரசாத் நீங்கலாக.

இப்படிக்கு,
இருளாண்டி (ஓய்வுபெற்ற போர்மேன்)

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் டாக்டர் வந்தார். ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்திருக்கிறது. பாதம் வெளுத்துக் கிடக்கிறதே தவிர வலியே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். "வலி தெரியாம மரத்துப்போறதுதான் இதுல மோசம்" என்றார். வாசனை பினாயில் மாதிரி இருந்தாலும் இது வேறாம். தோல் வழியாகவே உள்ளே ஏறி இருதயத்தைப் பிடிக்குமாம். "அந்த வேட்டியோட வீட்டுக்கு நடந்து போயிருந்தா, நீங்க இப்ப இங்க உக்காந்து லெட்டர் எழுதிக்கிட்டு இருக்க மாட்டீங்க. உடனே துணியைக் கழட்டி அவ்வளவு நேரம் தண்ணி ஊத்தினது யாரு?" என்று கேட்டார்.

"எங்க மாப்பிள்ளை" என்றேன், அண்ணாச்சி. யோசிக்கவே இல்லை, தானாக வந்துவிட்டது. பிறகுதான் அந்தப் பதினேழு குடமும், அதில் ஒன்று சோலையம்மாள் கையில் இருந்ததும் நினைவுக்கு வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன்.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுத வழியில்லை, நர்ஸம்மா கொடுத்த தாள் இவ்வளவுதான். அதையெல்லாம் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். அடுத்த முகூர்த்தம் எப்போது என்று பாருங்கள். மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், இனிமேல் அவர் நில்லுங்கன்னா நிப்பேன்.