தண்ணீர் தொடாத கல்

"தண்ணி கொல்லைக்கு வந்திருச்சு. போய் மணியடிங்க!" என்றாள் ரோசம்மாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

அவள் புருஷன் பங்கிராஸ்தான் ஊர்ச் சவேரியார் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலியோரம் போய், மழைப் புகையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கோயில் மேட்டுச் சரிவில் துவைக்கிற கல், ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தெரிந்தது.

"கல்லைத் தொடல" என்று திரும்பினார்.

அந்தக் கல்லைத் தண்ணீர் தொட்டால்தான் மணியடிக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. போன வருஷம் மேகமலைப் பக்கம் இடி இடித்ததற்கே அவர் கயிற்றை இழுத்துவிட்டார். சனம் முழுக்க மேட்டுக்கு ஓடியது. வெள்ளம் வரவில்லை, காட்டுப்பன்றிகள் வந்தன. விளைந்த சோளம் போயிற்று. இன்னொரு தடவை வீணாக அடித்தால் மணிக்கயிறு வேறு ஆள் கைக்குப் போய்விடும். பங்கிராஸுக்கு அந்தக் கயிறுதான் உயிர்.

ரோசம்மாள் மூட்டை கட்டினாள். அவர் அவிழ்த்தார். எதிர்வீட்டுப் பிலவேந்திரன் அதைப் பார்த்துவிட்டார்.

"கோயில்பிள்ளையே அவுக்குறாக. பயமில்ல போல."

தெரு முழுக்க மூட்டைகள் அவிழ்ந்தன.

அடுத்த தடவை பார்க்கும்போது வேலி பாதி முங்கியிருந்தது. கல் அப்போதும் ஒரு முழம் மேலேதான். பக்கத்தில் ஆரோக்கியம்மாள் பீடத்துணி அலசிக்கொண்டிருந்தாள். மறுநாள் திருநாள், பூசை வைக்கச் சாமியார் குதிரையில் வருகிறார்.

"வேலி முங்கும், கல்லு முங்காதாக்கும்?" என்றாள் ரோசம்மாள்.

"கண்ணால பாத்தேன்டி! சவேரியார் செஞ்ச புதுமை!"

புதுமை அடுப்புக்குள் புகுந்து நெருப்பை அணைத்தது. கஞ்சிப்பானை மிதந்து வாசலைத் தாண்டியது.

"கூரை ஒழுகுது" என்றார் பங்கிராஸ், முழங்கால் தண்ணீரில் நின்றபடி.

ரோசம்மாள் பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு மேட்டுக்கு ஓடினாள். மணி அலறியது.

ஊர் அடித்துப் பிடித்து மேடேறியது. நல்லவேளை, ஒரு ஆடுகூடக் குறையவில்லை. கீழே கூரைகள் சரிந்தன. பங்கிராஸ் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு தேம்பினார்.

"உம்மை நம்பி ஊரே சாகப் பாத்துச்சேய்யா!" என்று கத்தினார் பிலவேந்திரன்.

"சத்தியமா தண்ணி கல்லைத் தொடலப்பா!"

ஈரத்துணி மூட்டையோடு மூச்சு வாங்க நின்ற ஆரோக்கியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"அவரை ஏன்யா வையிறீக? வெள்ளத்துக்கு அடையாளம் வச்ச கல்லாச்சே, வெள்ளத்தோட போயிரக்கூடாதேன்னு தண்ணி ஏற ஏற நான்தானே அதை மேல மேல புரட்டி வச்சேன்!"