கயிறு வேண்டாத டயர்

வண்டியை இடது பக்கம் திருப்பினால் மட்டும் கர்ரென்று சத்தம் வந்தது. வலது பக்கம் திருப்பினால் வரவில்லை. ஆகவே ஹெஸ்ஸா தன் மருந்துக்கடையிலிருந்து டயர் கடை வரைக்கும் வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி வந்து சேர்ந்தாள். அதற்குள் சவுதியின் உனைஸா ஊரையே ஒரு சுற்று சுற்றியாகிவிட்டது.

"உரசுது," என்றார் கடைக்காரர் பாவஸீர். ஏமன் நாட்டுக்காரர். கெட்ட செய்தியையும் காப்பி ஊற்றிக் கொடுத்துத்தான் சொல்வார். "ஒரு சைஸ் பெரிசா போட்டோம்ல. நீங்கதான் கேட்டீங்க."

"நான் கேக்கல. நீங்க சொன்னீங்க."

"நான் சொன்னேன். நீங்க சரின்னீங்க."

அந்தச் சரிதான் அவளை உறுத்தியது. நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு எந்த மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிறவள் அவள். தனக்கு டயர் வேண்டுமென்றதும் ஊரே வைத்தியராகிவிட்டது. இருமல் மருந்து வாங்க வந்தவர் சேற்று டயர் போடச் சொன்னார். இந்த ஊரில் சேறு எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, "வந்துட்டா?" என்றார். அண்ணன் முத்லக் அகலமான மணல் டயரைத் தவிர வேறெதையும் டயர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவோ ரோட்டு டயரே போதும், மணலுக்கு ஏற்றபடி காற்றை இறக்கத் தெரிந்தால் சரி என்றார்.

அவள் ஆல்-டெரெய்ன் டயர் வாங்கினாள். ரோடு, கல், மணல் மூன்றுக்கும் ஆகும்.

"எல்லாத்துக்கும் ஆகும்னா எதுக்கும் ஆகாதுன்னு அர்த்தம்," என்றான் முத்லக்.

போன குளிர்காலத்தில், குடும்பம் வழக்கம்போலப் பாலைவனத்தில் கூடாரம் அடித்திருந்த இடத்துக்கு முந்தைய மணல் மேட்டில் அவள் வண்டி புதைந்துவிட்டது. முத்லக் கயிறு கட்டி இழுத்தான். இழுப்பது அங்கே அவமானமில்லை, யாரும் யாரையும் இழுப்பார்கள். ஆனால் முத்லக் பாட்டுப் பாடிக்கொண்டே இழுத்தான். அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டான். ஜித்தாவில் இருக்கும் சித்தப்பா மகள்கள் வரைக்கும் ஆறுதல் சொன்னார்கள். அப்பா மட்டும் திட்டவில்லை. "இன்னொரு தடவை கயிறு கட்டும்படி ஆச்சுன்னா, அடுத்த வருஷத்துலேருந்து பாத்திரத்தோட பாத்திரமா என் வண்டியிலயே பின்னாடி வந்துடும்மா," என்றார். அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவர் பரிவாகச் சொன்னதுதான் ஒரு வருஷமாக உள்ளே கிடந்து அரித்தது.

பாவஸீர் சக்கரத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்டினார். உரசல் நின்றது. வெட்டின பிளாஸ்டிக் டப டபவென்று அடித்துக்கொண்டது. அதைக் கம்பியால் கட்டினார். வேகம் எடுத்ததும் கம்பி கொசு மாதிரிப் பாடியது. கம்பியை முறுக்கினார். மறுபடி உரசியது, மற்ற சத்தங்களும் முழுசாக நிற்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வெட்டிப் பாக்கட்டுமா?"

"வேணாம். வண்டின்னு ஏதாவது மிச்சம் இருக்கட்டும்."

வியாழன் மதியம் கம்பளிகளையும் தலையணைகளையும் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு இந்த வருஷக் கூடாரத்துக்குத் தனியாகவே கிளம்பினாள். உரசலும் படபடப்பும் பாட்டும் கூடவே வந்தன.

தார் ரோட்டை விட்டு மணலுக்குப் பிரிகிற இடத்தில் ஒரு டீக்கடை. வரிசையாக வண்டிகள் நின்றன. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே கம்பெனி, எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டீ குடிக்க இறங்குவதற்கெல்லாம் அங்கே யாரும் சாவியைத் திருப்புவதில்லை. ஹெஸ்ஸாவும் தன் வெள்ளை வண்டியை வரிசையில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே இறங்கி, மணலுக்காக டயரில் காற்றை இறக்க உட்கார்ந்தாள். புஸ்ஸென்ற சத்தம் கேட்டதும் மூன்று ஆண்கள் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

"பஞ்சரா தங்கச்சி?"

"இல்லண்ணே. காத்து எறக்குறேன்."

"நீங்க எந்திரிங்க. நாங்க எதுக்கு இருக்கோம்."

ஒருவர் அதற்குள் பம்பைக் கொண்டுவந்து, அவள் இறக்கியதைத் திரும்ப ஏற்றிவிட்டார். இரண்டாமவர் அதை இறக்கினார்.

"இவ்வளவு எறக்கினா டயர் கழண்டுக்கும்."

"இதுக்கு மேல வெச்சா பொதையும். மணலைப் பாத்திருக்கியா நீ?"

"மணல்லதான்யா பொறந்தேன்."

மூன்றாமவர் வேலை எதுவும் கிடைக்காமல் அவளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார். உதவி செய்கிறவர்களைத் துரத்தும் மொழி எதுவும் ஹெஸ்ஸாவுக்குத் தெரியாது. டீ வாங்கப் போவதாகச் சொல்லி நழுவினாள்.

திரும்பும்போது புழுதிக்காற்று கிளம்பியிருந்தது. அந்த மூவரும் ஒரு வெள்ளை வண்டியைச் சுற்றிக் குந்தி இன்னமும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆளும் மாட்டிக்கொண்டார் போல என்று பரிதாபப்பட்டாள். அவர்கள் கண்ணில் படாமல் வரிசையின் பின்புறமாகக் குனிந்து வந்து, வண்டியில் ஏறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, கிளப்பிவிட்டாள்.

மணலில் இறங்கியதுமே தெரிந்தது. உரசல் இல்லை. படபடப்பு இல்லை. கம்பியின் பாட்டும் இல்லை. நல்ல டயர் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, தனக்கான தரை வரும்வரை முனகிக்கொண்டிருந்துவிட்டு, வந்ததும் அடங்கிவிடும். தானும் அப்படிப்பட்டவள்தானோ என்று யோசித்தாள். சீட்கூட முதுகுக்கு இதமாக இருந்தது. மனசு லேசானால் முதுகும் லேசாகிவிடும்தான். பின்சீட்டுக் கம்பளிகளிலிருந்து சாம்பிராணி மணம் வந்தது. அம்மா புகை காட்டியிருப்பாள்.

அந்த மேடு வந்தது. போன வருஷம் புதைந்த இடத்தில், உதவிக்கு ஒருவரும் இல்லாமல், அவளும் வண்டியும் மட்டும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் தேர்ந்தெடுத்த டயர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டபோது, பயத்துக்குக் கீழே கெட்டியாக ஏதோ காலில் தட்டுப்பட்டது போலிருந்தது. வேகம் எடுத்தாள். பாதி மேட்டில் வண்டி திணறியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள். உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, கூடாரத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

முத்லக் ஒரு கையில் கயிறும் ஒரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தான். அப்பா காப்பிக் கோப்பையோடு எழுந்துவிட்டார். அவர் விருந்தாளிகளுக்கு மட்டுமே எழுகிறவர்.

"படம் புடிச்சியா முத்லக்?" என்றாள் ஹெஸ்ஸா. "ஜித்தாவுக்கு அனுப்பிடு."

"என்னதான் டயர் போட்டிருக்கேன்னு பாக்கலாம்," என்று அவன் சக்கரத்தருகே குந்தினான். விரலால் தடவினான். அடுத்த சக்கரத்துக்குப் போனான். நாலையும் சுற்றி வந்தான்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?"

"ரோட்டு டயரு," என்றான். "அதுவும் தேஞ்சு மொட்டையாக் கெடக்கு. காத்துகூட எறக்கல. இதுலயா அந்த மேட்ட ஏறின?"

"நான் அப்பவே சொன்னேன்ல, ரோட்டு டயரே போதும்னு," என்றார் அப்பா, பெருமையாக.

ஹெஸ்ஸாவுக்கு விளங்கவில்லை. அவள் குனிந்து பார்ப்பதற்குள் பின்கதவு திறந்தது. கம்பளிக் குவியல் எழுந்து உட்கார்ந்தது. அதற்குள்ளிருந்து வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் மெதுவாக இறங்கி, கண்ணைக் கசக்கி, சுற்றிலும் மணலைப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா ஓட்டின," என்றார். "ஆனா எம்மவன் ரியாத்துக்குல்ல போறோம்னு சொன்னான்?"