காயாத பெஞ்சு

விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டைப் பாதி அழுக்காகவே விட்டுவையுங்கள். நான் இப்படிச் சொன்னால் என் மருமகள்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு பொங்கலுக்கு வீட்டை அழகுபடுத்தப் போய், சொந்த நாத்தனாரைப் பெஞ்சோடு ஒட்டவைத்தவள் நான். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ஒற்றை அறையும் அதிலேயே ஒரு சமையல் மூலையுமாக எங்கள் குடித்தனம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை. தாயில்லாத அவரை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்காதான். நான் அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனார், எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தது ஒரே தடவை. முட்டிவலிக்காரர், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. எங்களிடம் நாற்காலி ஏது? கதவைப் பிடித்து நின்றபடியே காபியைக் குடித்துவிட்டு, "குந்த எடம் கீற அன்னிக்கு வரேன் நைனா" என்று கொருக்குப்பேட்டைக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்கு இவர் சோறு தின்னவில்லை. கேட்டால், "பசிக்கல மே" என்றார். எனக்குப் புரியாதா என்ன?

அடுத்த பொங்கலுக்கு அண்ணியை வரவழைத்து, பண்டிகை முடிகிறவரை தங்கவைத்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். (அந்த வயதில் வாரம் ஒரு சபதம் எடுப்பேன்.)

இவர் உடைந்த சரக்குப் பெட்டிகளின் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து, சாய்மானத்தோடு ஒரு பெஞ்சு அடித்தார். கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற தோஸ்து ஒருவர் டப்பாவின் அடியில் மிஞ்சியிருந்த பச்சைப் பெயின்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். "இருக்கறத மட்டும் அடி மே. பத்தலன்னா வுட்ரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

விட்டிருக்கலாம். ஆனால் டப்பாவை எட்டிப் பார்த்தால், பாதிப் பெஞ்சுக்குக்கூடக் காணாது. அரைகுறைப் பெஞ்சைப் பார்த்து அண்ணி முகத்தைச் சுளித்தால்? பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் புருஷன் கடலுக்குப் போகிறவர். படகுப் பலகை கெட்டுப்போகாமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவார். பெயின்டிலும் எண்ணெய்தானே இருக்கிறது, இதிலும் எண்ணெய்தானே இருக்கிறது என்று என் மகா மூளை வேலை செய்தது. ஒரு சொம்பு வாங்கி வந்து டப்பாவில் கலந்தேன்.

"அய்ய, இன்னாமே பண்ற? வாடை போவாது!" என்று காளியம்மா கத்தினாள்.

"அதெல்லாம் ரெண்டு நாள்ல போயிடும்" என்றேன். சுறாவோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு நான் சுறாவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன் பாருங்கள்!

போகி வந்தது. பெஞ்சு காயவில்லை. வெயிலில் போட்டேன். முறத்தால் விசிறினேன். தொட்டால் விரல் ஒட்டியது. தெருப் பூனைகள் எல்லாம் வந்து பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, யாரைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்பதுபோல என்னையே பார்த்தன. கடைசியில் என் கல்யாணப் பெட்டியிலிருந்த முகப் பவுடரை எடுத்து மேலே தூவித் தேய்த்தேன். அடடா! ஒட்டவும் இல்லை, வாசனையும் ஜோர். இவரிடம் மூச்சு விடவில்லை.

பொங்கலன்று அண்ணி மாங்காய்க் கரை போட்ட அரக்குச் சேலையில் வந்தார். பெஞ்சைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "எனக்காவடா நைனா?" என்றபடி உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்பாடா, இன்னா சொகமா கீது!" இவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு பெஞ்சுக்கும் பெயின்ட் அடிக்கலாம் என்று தோன்றியது.

சர்க்கரைப் பொங்கல் ஆனது, கரும்பு ஆனது. "சரி நைனா, சாயங்கால வண்டிக்குக் கெளம்பறேன்" என்று அண்ணி எழுந்தார். எழுந்தார் என்றா சொன்னேன்? எழப் பார்த்தார். சேலை வரவில்லை. கொண்டையும் வரவில்லை.

"இன்னாமே இது? யாரு என் முந்தானைய புட்ச்சிகினு கீறது?"

இவர் ஒரு கையைப் பிடித்து இழுத்தார். நான் மறு கையைப் பிடித்தேன். "இழுக்காதடா! மண்டையோட வந்துடப் போவுது!" பவுடர் வாசனை போய்ச் சுறா வாடை கிளம்பியது. எங்கிருந்தோ ஒரு பூனை பாய்ந்து வந்து அண்ணியின் மடியில் ஏறி உட்கார்ந்தது. காளியம்மா மண்ணெண்ணெய்ப் புட்டியோடு ஓடிவந்து, கொண்டையை மயிர் மயிராக மீட்டெடுத்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்பதை அதற்குள் பத்துத் தடவை சொல்லிவிட்டாள்.

நான் அடுப்படி மூலையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இனி அண்ணி இந்த வாசலை மிதிப்பாரா? இவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அப்போது ஏதோ விக்கல்போலச் சத்தம் கேட்டது. அண்ணியும் அழுகிறார் என்றே நினைத்தேன். பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"டேய் நைனா, ஒம் பொண்டாட்டி என்ன வூட்டுக்குப் போவ வுடாம ஆணி அட்ச்சி வெச்சிட்டாடா! இந்த நாத்தத்தோட கொருக்குப்பேட்டைல போய் எறங்கனா, ஊருப்பட்ட பூனையும் என் பின்னாடி வரும். வாடை போறவரிக்கும் நான் இங்கதான்."

போகவில்லை. என் புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு, பெஞ்சின்மேல் கோணியை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்து, காணும் பொங்கல் தாண்டியும் என்னை அதிகாரம் பண்ணினார். நான் தேய்த்து வைத்த பாத்திரத்தையோ கட்டிவைத்த திரையையோ அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. தம்பி சின்ன வயதில் செய்த கூத்தையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இவர் மூன்று வேளையும் அள்ளி அள்ளித் தின்றார்.

பெயின்ட் எந்த மாதம் காய்ந்ததென்று நினைவில்லை. சாய்மானத்தில் அந்த மாங்காய்க் கரை அச்சாகப் பதிந்து நின்றுவிட்டது. அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணி வாசலில் நின்று, "பெஞ்சி காஞ்சிச்சாமே?" என்று கேட்பார்.

"இன்னும் காயல அண்ணி."

"அப்போ இருந்துட்டுதான் போவணும்" என்று பையை உள்ளே வைப்பார்.

இன்று அண்ணியும் இல்லை, இவரும் இல்லை. பெஞ்சு மகன் வீட்டில் இருக்கிறது. அதற்கு மறுபடி பெயின்ட் அடிக்க யாரையும் நான் விடுவதில்லை. பொங்கலுக்கு வருகிற பேரப்பிள்ளைகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே கத்துகிறார்கள்: "ஆயா, பெஞ்சி காஞ்சிச்சா?"

காய்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இருந்தாலும் நான் சொல்வது அதே பதில்தான்.

"இன்னும் காயல கண்ணு. உள்ள வா."