மேற்கு முசேயின் கடல் பயணம்

காலை ஆறேகால் மணி. கடற்கரையில் முதலில் கண்ணில் பட்டது, கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு மனிதரும் அவர் முதுகில் கட்டியிருந்த ஒரு பிரம்புத் தொட்டிலும்.

புதுச்சேரியில் கடலைக் கண்டு பயந்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் கடல் இருக்கும் திசையையே ஒதுக்கி வைத்தவர் ஒருவர்தான். அவரை ஊரே ‘மேற்கு முசே’ என்று அழைத்தது; ‘முசே’ என்றால் பிரெஞ்சில் ‘ஐயா’. பிரெஞ்சு நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவர் கிழக்கே பார்த்து யாரும் பார்த்ததில்லை.

சவரக் கடைக்கு அவர் போனால் நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டும். கண்ணாடி அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். பென்ஷன் வாங்கக் கடலோர அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளில் புஸ்புஸ் வண்டி வரும். அது ஆள் பின்னாலிருந்து தள்ளும் வண்டி. முசே ஏறினால் மட்டும் வண்டியைத் திருப்பிவிட்டு, தள்ளுகிற கோவிந்து அதை இழுத்துக்கொண்டு போவான். முசே மேற்கே பார்த்தபடி கிழக்கே போய்ச் சேருவார்.

“ஏன் முசே இப்படி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நாம பாத்தா அதுவும் நம்மளப் பாக்கும் தம்பி. பாக்காத வரைக்கும் அதுக்கு நம்மளத் தெரியாது.”

சொன்ன குரலில் கேலி இல்லை. அன்று மாலை கடற்கரைக்குப் போன நான் சீக்கிரமே திரும்பிவிட்டேன்.

இப்படிப்பட்டவர், ஐம்பத்தெட்டாம் வருஷம், “ரெயூனியோன் தீவுக்குப் போறேன்” என்றார். கோவிந்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“முசே, தீவுன்னா சுத்தி நாலு பக்கமும் தண்ணி. எந்தப் பக்கம் திரும்புவீங்க?”

“வாய மூடுறா,” என்றார் முசே. உதடு வெளுத்திருந்தது.

ரெயூனியோன் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுத் தீவு. கரும்புத் தோட்டங்களும் பழைய துரைமார் மாளிகைகளும் உள்ள இடம். அங்கே கடற்கரையில் விடுதி நடத்தும் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள் முசேயின் ஒரே மகள் செலின். அவள் இப்போது தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். முசேயின் மனைவி இறந்ததும் தலைப்பிரசவத்தில்தான். அன்று பிழைத்த குழந்தை செலின்.

“தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் ஆவணும். அவளால இங்க வர முடியாது. அதான் தாய்வீடு அங்க போவுது,” என்றார் முசே. சுக்கு, மிளகு, பிரசவ லேகியம், செலின் படுத்த பழைய தொட்டில் எல்லாம் தயாராகின.

அதன் பிறகு தெருவே பயிற்சிக்கூடமானது. கப்பல் ஆட்டம் பழகுவதற்காக, கோவிந்து வண்டியைப் பாம்பு போல வளைத்து வளைத்துத் தள்ள வேண்டும். நான் கூடவே ஓடி அவர் முகத்தில் உப்புத் தண்ணீரை வீச வேண்டும். மூன்றாவது சுற்றில் கோவிந்து வேப்ப மரத்தடியில் குனிந்து வாந்தியெடுத்துவிட்டான்.

“முசே, நீங்க கப்பல் ஏறுறதுக்குள்ள நான் மேல போய்ச் சேந்துருவேன்!”

முசே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னொரு சுத்துடா. நெசத் தண்ணி இத விட மோசம்.”

தொட்டிலை முதுகில் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்ட அந்தக் காலை, நான் வழியனுப்பத்தான் போனேன். கப்பல் ஏறுவதற்குக் கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலத்தைப் புயல் கொண்டுபோயிருந்தது. புதுப் பாலம் முடியவில்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த பலகைகளால் ஆன சலங்குப் படகில் அலைகளைத் தாண்டிப் போக வேண்டும். படகில் ஏறும்போது முசே என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு விடவில்லை. படகு நகர்ந்துவிட்டது. நானும் பயணியானேன்.

முசே கரையைப் பார்த்து உட்கார்ந்தார். எதிரே நான். வருவதெல்லாம் எனக்குத்தான் தெரிந்தது. முதல் அலையை நான் சுவர் என்று நினைத்தேன்.

“தம்பி, வருதா?”

“இல்ல முசே.”

“உன் கை நடுங்குது. வருது.”

படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பிறகு அடியில் ஒன்றுமே இல்லை. விழுந்தபோது பலகைகளின் தையல் முனகியது. இடுப்பு வரை தண்ணீர். அதுவரை பாடிவந்த துடுப்புக்காரர்கள் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. முசே வாய்க்குள் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கப்பலை அடைந்தோம். அதன் பக்கவாட்டில் கயிற்றேணி தொங்கியது. படகு அதன் கீழ்ப்படிக்கு ஏறும், மறு நொடி ஆளுயரம் கீழே போகும். முசே முதுகை ஏணிக்குக் காட்டி நின்றார்.

“முசே, முதுகக் காட்டிக்கினு ஏணி ஏற முடியாதுங்க. திரும்புங்க!” என்று கத்தினார் துடுப்புக்காரர்களின் தலைவரான தண்டல்.

முசே அசையவில்லை.

“திரும்பலைன்னா கரைக்கே கூட்டிக்கினு போயிடுறேன். அலை ஏறுது. எல்லாரும் செத்துருவோம்!”

கரை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் ஓர் ஆசை வந்தது. நான் பார்த்தேன். எனக்கும் அதே ஆசைதான். பிறகு தொட்டில் கயிற்றை இழுத்து இறுக்கினார்.

“தாய்வீடு கெளம்பிடுச்சுன்னு தந்தி குடுத்துட்டேன்யா,” என்றார், யாரையும் பார்க்காமல்.

என் மணிக்கட்டை விட்டார். கிழக்கே திரும்பினார். கண்ணைத் திறந்துதான் ஏறினார். ஏணி சுழன்று ஆடும்போதெல்லாம் முதுகிலிருந்த தொட்டில் கப்பலின் இரும்பில் மோதியது. ஒரு முறை அவர் கால் வழுக்கியது. கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு மீண்டும் ஏறினார். மேலே போனதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தார். எங்களைப் பார்க்க அவர் மேற்கே பார்த்தால் போதும்.

திரும்பி வரும்போது, அலை வரும் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லித் துடுப்புக்காரர்கள் கத்தியும் கேளாமல், நான் வழி முழுக்க மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டில் அவர் விரல் தடம் ஒரு வாரம் இருந்தது.

சில மாதங்களில் செலின் கடிதம் எழுதினாள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அப்பா தினமும் சாயங்காலம் தொட்டிலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பழையபடி மேற்கே பார்த்து வராந்தாவில் உட்காருகிறார்.

அவர்கள் விடுதி தீவின் மேற்குக் கரையில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது.