முப்பத்தொரு வருட முழு வருகை

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் மகளும் சுகம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும். குறையாவிட்டாலும் குறைந்துவிட்டது என்றுதான் அக்கா சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நீங்கள் சிரித்தால் நான் வைத்துவிடுவேன், காரியம் கெட்டுப்போகும். இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். விஷயம் இதுதான்: நான் இன்னும் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னை அங்கிருந்து வெளியே எடுக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

இந்த வருடம் அரசாங்கத்துக்குப் பள்ளிக்கூடங்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கியிருக்கிறது. 'கல்லூரிக்குத் தயார்' என்று ஒரு திட்டம். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், மின்விசிறி மாட்டினார்கள், கழிப்பறைக்கு இருபத்து நான்கு குழாய் போட்டார்கள் (நம் கடைச் சரக்கு, ஒன்றுகூட ஒழுகாது), நேர்காணலுக்கென்று பிள்ளைகளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி "என்னுடைய பலவீனம் அதிகமாக உழைப்பது" என்று சொல்லிப் பழக்கினார்கள். இதெல்லாம் நல்லதுதான். நல்லதிலும் நல்லது என்னவென்றால், ஒவ்வொரு பள்ளியிலும் மதிப்பெண்ணிலும் வருகையிலும் முதலில் நிற்கும் ஒருவருக்கு அரசுக் கல்லூரியில் நேரடி இடம், விடுதியோடு. என் மகள் அதற்காகத்தான் ஒரு வருடமாகக் கடையின் பின்பக்கம் குழாய்க் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று படிக்கப் போகிறாளாம். தண்ணீர் ஓடுவதை வைத்தே பிழைக்கிறவன் நான், அப்படி ஒரு படிப்பு இருப்பது எனக்கே தெரியாது. இந்த இடம் கிடைத்தால்தான் அந்தப் படிப்பு. வேறு வழியில் அது எங்களுக்கு எட்டாது.

போன மாதம் பள்ளியிலிருந்து தபால் வந்தது. 'பெற்றோர் அல்லது காப்பாளர் கவனத்துக்கு' என்று தொடங்கி, தங்கள் பிள்ளை பட்டியலில் முதலிடம் என்று பாராட்டியிருந்தார்கள். நான் மகளைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி படித்தால், மாணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். வருகை முப்பத்தொரு வருடம், விடுப்பு ஒரு நாளும் இல்லை. மகள் பெயர் இரண்டாவது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ நம்ம கல்யாணத்தன்னிக்கும் ஸ்கூலுக்குத்தான் போயிருக்கீங்க. அதான் தாலி கட்டும்போது மூஞ்சி அப்படி இருந்துச்சு" என்றாள். நானும் சிரித்தேன் அத்தான். அச்சுப் பிழை என்று நினைத்துக் கடைச் சட்டையோடு பள்ளிக்குப் போனேன்.

எழுத்தர் வருகைப் பதிவேடுகளைத் தூசி தட்டி அடுக்கினார். முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் என் பெயருக்கு நேராக வரிசையாக டிக். ஒரே கையாக இருந்தால் எவனோ சோம்பேறி மொத்தமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறான் என்று விட்டுவிடலாம். வருடத்துக்கு வருடம் வேறு வேறு ஆசிரியர், வேறு வேறு மை. சந்தேகத்துக்கு என் கல்யாணத் தேதியைப் புரட்டிப் பார்த்தேன். வந்திருக்கிறேன். பிறகு விடைத்தாள்களைக் காட்டினார். இடது பக்கம் சாய்ந்த என் கையெழுத்தேதான். கணக்கில் முதல் வருடம் முப்பத்தாறு, அப்புறம் நாற்பத்தொன்று, இப்படியே ஏறி ஏறி இந்த வருடம் தொண்ணூற்றேழு. மகள் தொண்ணூற்றாறு. நடுவில் நாலு தடவை பாடத்திட்டம் மாறியிருக்கிறது, அதற்கும் பயல் அசரவில்லை. எழுத்தர் பெருமையாகச் சொன்னார்: "நல்ல பையன் சார். பொதுத் தேர்வுக்குப் பேர் குடுக்கச் சொன்னா மட்டும் 'அடுத்த வருஷம் எழுதுறேன்'னு நழுவிடுவான். இந்த வருஷம் எல்லாரையும் சேர்க்கணும்னு உத்தரவு வந்துருச்சு, விடல. நீங்க அவன் அப்பாவா? முகஜாடை அப்படியே இருக்கு."

"அவன் நான்தான்யா" என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். நரையைப் பார்த்திருப்பார். "பதினொன்றரைக்குக் கணக்கு வகுப்பு இருக்கு, நீங்களே பாருங்க" என்று கூட்டிப்போனார். மூன்றாவது பெஞ்சில் ஓர் ஓரமாக இரண்டு பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது இடத்தில் ஆளில்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. மேலே நோட்டு திறந்து கிடந்தது. பாதியில் நின்ற கணக்கு, மை இன்னும் காயவில்லை. ஆசிரியை அந்தப் பக்கம் பார்த்து "நீ உக்காரு, அப்பறம் பேசலாம்" என்றார். என்னிடம் சொல்கிறார் என்று நான் உட்காரப் போனேன். பிள்ளைகள் எல்லோரும் "அங்கிள், ஆள் இருக்கு!" என்று கத்தினார்கள். என் மகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மகளிடம் கடையில் வைத்துக் கேட்டேன். "மூணாவது பெஞ்சுல யாரும்மா உக்காருறது?"

"அவன்தான்பா."

"எவன்?"

"உங்க பேர்தான். சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல."

"பேசுவானா?"

"கேட்டா கணக்குச் சொல்லித் தருவான். உங்களைப் பத்தி விசாரிப்பான்."

"என்னைப் பத்தி அவனுக்கு என்ன?"

"கடை நல்லாப் போகுதான்னு கேட்டான். நல்லாப் போகுதுன்னேன். சந்தோஷப்பட்டான்பா."

அத்தான், நான் சரக்குக்காக எத்தனையோ பேரிடம் சண்டை போட்டவன், பேய் பிசாசு என்றால் எந்த ஊர், என்ன விலாசம் என்று கேட்கிறவன். அன்று வந்தவருக்கு ஒரு இஞ்ச் குழாய்க்குப் பதிலாக அரை இஞ்ச் கொடுத்தனுப்பிவிட்டேன்.

இனி உங்களிடம் மறைத்துப் பயனில்லை. அப்பா போன பிறகு நீங்கள்தான் காப்பாளராகக் கையெழுத்துப் போட்டு என்னைப் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்த்தீர்கள். மூன்று மாதத்தில் நான் நின்றுவிட்டேன். தினமும் பையோடு கிளம்பி, அக்கா கட்டிக்கொடுத்த சோற்றைக் குழாய்க் கடைப் படியில் உட்கார்ந்து தின்றேன். கடைசியில் உண்மை தெரிந்து "டி.சி. வாங்கிட்டியாடா?" என்று நீங்கள் கேட்டபோது "வாங்கிட்டேன் அத்தான்" என்றேன். வாங்கவில்லை. தலைமையாசிரியர் ஏன் நிற்கிறாய் என்று கேட்பார், பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று போகவேயில்லை. ஆக, நான் அங்கிருந்து விலகினதற்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

கல்வி அதிகாரியிடம் நேரில் போனேன். "எனக்கு நாற்பத்தெட்டு வயது" என்றேன். திட்டத்தில் வயது வரம்பு இல்லை என்றார். "எனக்குக் கடை இருக்கிறது" என்றேன். படிக்கும்போதே தொழில் செய்வதை அரசு ஊக்குவிக்கிறது என்று கைகுலுக்கினார். "சரி, அந்தப் பெயரை அடியுங்கள், அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள்" என்றேன். டி.சி. விண்ணப்பம் வந்தால் அடிப்போம், வராவிட்டால் இடம் அவனுக்குத்தான், இடைநிற்றல் பூஜ்யம் என்று மேலிடத்துக்கு எழுதியாயிற்று என்றார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியது சேர்த்துவிட்ட காப்பாளர். பதிவேட்டில் நீலமையில் உங்கள் கையெழுத்து பளிச்சென்று இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். யோசிக்காதீர்கள். அவன் என்னவாக இருந்தாலும் சரி, என் மகள் வழியில் நிற்கிறான். நானே நின்றாலும் நகர்த்தத்தான் வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகப்பிள்ளைகளுக்கு என் ஆசி, எல்லோரும் நன்றாகப் படிக்கட்டும், படித்து முடித்ததும் மறக்காமல் டி.சி. வாங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
குழாய்க் கடை

பின்குறிப்பு: அத்தான், கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். உறையை ஒட்டப் போகும்போது மகள் பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். இடம் அவளுக்கே. இடம் வேண்டாமென்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டானாம்: 'வீட்டிலிருந்து ஒருவர் போனால் போதும். எனக்குப் படிப்பில் ஆசையில்லை.' பிள்ளை சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் சொன்னாள். படிப்பை நிறுத்தியது தெரிந்த அன்று இதே வார்த்தையைத்தான் நான் உங்களிடம் சொன்னேன், அப்போது உங்கள் தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், இரண்டு பேர் செலவு உங்களுக்குத் தாங்காது, நீங்கள் எல்லோரும் என்னைப் பொறுப்பான பையன் என்றீர்கள். பச்சைப் பொய் அத்தான். ஆசை இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் கல்லூரி வாசல் வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்த்தான் நடக்கிறேன். இப்போது அவன் நம் கடையில் வேலை கேட்டு மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான், திங்கட்கிழமை காலை வருகிறானாம். விடுவேனா? அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கடை முகப்பில் கட்டிவிட்டேன்: 'பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு இங்கே வேலை கிடையாது.' அதைக் கட்டிய பிறகு நானே வாசலில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.